சூடேறாத தொட்டி

திருச்சியில் தண்ணீரைச் சூடாக்க மிஷின் வைத்திருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சித்திரை மாதத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் தோல் வெந்துவிடும். குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வெயிலை வாய் நிறையத் திட்டிவிட்டுத்தான் குளிக்க முடியும். அப்படிப்பட்ட ஊரில் நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். காட்டூரில் எங்கள் தெருவே சிரித்தது. எதிர்வீட்டுக்காரர் காலையில் பேப்பர் எடுக்க வரும்போதெல்லாம், "என்ன சார், வெந்நீர் ரெடியா? ஒரு சொம்பு எடுத்துக்கவா?" என்று கேட்பார்.

குற்றம் என்னுடையதல்ல. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் குழந்தைகளுக்காக ஒரு குளம் கட்டச் சொன்னான். குளம் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு எருமை படுத்தால் நிறைந்துவிடும். என் மனைவி அதைத் தொட்டி என்றுதான் சொல்லுவாள். மார்கழி லீவில் வந்த பேரப்பிள்ளைகள் அதில் இறங்கினார்கள், பல் கிட்டிப்போய் உடனே ஏறினார்கள். அவர்கள் திரும்பிப் போன கையோடு மகன் ஹீட்டரை வாங்கி அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு லீவு வாய்க்கவில்லை. ஹீட்டர் உறை போட்டபடி மூலையில் நின்றது.

அதற்கு வேலை கொடுத்தவள் என் அக்கா.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அத்தான் போன பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவளைக் கேட்டால் கொள்ளிடத்துக் காற்று அந்தப் பால்கனிக்கு வருவதுபோல் எங்கேயும் வராது என்பாள். பிடிவாதக்காரி. பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் கை நீட்டினால்கூட, "நகருப்பா, நான் ஏறிக்கறேன்" என்று சொல்கிறவள். அந்த மகராசி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, முழங்கால் சில்லு உடைந்து, ஆபரேஷன் செய்து கம்பி வைத்துக் கட்டும்படி ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. கால்தான் மடங்கவில்லை. உலக்கையை நீட்டி வைத்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஃபிசியோதெரபி செய்ய வரும் பெண் காலில் கை வைப்பதற்கு முன்பே அக்கா அலற ஆரம்பித்துவிடுவாள். வலியைவிட பயம்தான் அதிகம் என்று அந்தப் பெண் சொன்னாள். பின்பக்கம் குளத்தைப் பார்த்துவிட்டு, "வெதுவெதுப்பான தண்ணியில நின்னு மடக்கினா பயம் போயிடும் சார். பச்சத்தண்ணி வேணாம், இன்னும் இறுகிக்கும்" என்றாள். நான் ஹீட்டரின் உறையைக் கழற்றினேன்.

என் மனைவியின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு அக்கா முதல் தடவை தண்ணீரில் இறங்கியதை நான் மறக்க மாட்டேன். வாழ்நாளில் அவள் சுடிதார் போட்டதில்லை. "பாக்காத, அந்தப் பக்கம் திரும்பு" என்று என்னை அதட்டினாள். இறங்கிய கொஞ்ச நேரத்தில் அவள் முகம் இளகிவிட்டது. தண்ணீருக்குள் கால் தானாக மடங்கியது. அவளே அதை ஏதோ அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரரிடம், "வெந்நீர் ரெடிதான், உங்களுக்குத் தர்றதுக்கில்ல" என்று சொன்னேன்.

ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் பழைய உலக்கைதான். டாக்டர் போன தடவையே கொஞ்சம் கறாராகப் பேசிவிட்டார். "அடுத்த தடவை வரும்போது நாற்காலியில உக்கார்ற அளவத் தாண்டி மடங்கணும்மா. இல்லன்னா மயக்க மருந்து குடுத்து நாங்கதான் மடக்கிவிட வேண்டியிருக்கும்" என்றார். முதல் ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்கம் தெளிந்தபோது அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அத்தானைக் கூப்பிடு, அத்தானைக் கூப்பிடு என்று பொழுது விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தி தெளிந்த பிறகு அவளுக்கே அது தெரிந்துபோய், வெட்கத்திலும் பயத்திலும் கூனிக் குறுகிவிட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து காரில் ஏறியதும் அக்கா என்னிடம், "திரும்பவும் மயக்க மருந்துன்னா நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. மடங்காத காலோடவே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

மடங்காத காலோடு அவள் வீட்டுக்குப் போக முடியாது. படி ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். திருட்டு பயத்துக்காக அவள் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வாசற்படியை ஒட்டிக் கீழே ஒரு பூட்டு போட்டிருக்கிறது. "அந்தக் கீழ்ப் பூட்டத் திறக்க யாரு வருவா?" என்று அடிக்கடி கேட்பாள். பூட்டை மாற்றிவிடலாம் என்று நான் சொன்னால் கோபம் வரும். அது அத்தான் போட்ட பூட்டு.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள், ஆயுத பூஜை லீவுக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்தது பாய்லர் செய்யும் இடத்தில். மூன்று மாடி உயரத்துக்குப் பாய்லர் செய்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களுக்கு ஆயுத பூஜைதான் தீபாவளி. மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்துவிட்டால் பிறகு அன்று முழுக்க எவனும் அதைத் தொடக்கூடாது. அதற்கும் ஓய்வு. மறுநாள் விஜயதசமியன்று கும்பிட்டுவிட்டு ஓட்டிப் பார்ப்போம். ரிடையர் ஆன பிறகு அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கார், மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின் என்று எதையும் விடமாட்டேன். அந்த வருஷம் ஹீட்டருக்கு முதல் மரியாதை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சந்தனம் குழைத்துக் கொடுத்தாள். நான் ஹீட்டருக்கு மூன்று பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, மெயின் சுவிட்சை அணைத்தேன். நானும் என் மனைவியும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம்.

விஜயதசமி காலையில் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது. குளத்தில் வழக்கம்போலத் தண்ணீர் வந்து விழுந்தது. ஹீட்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அதன் சின்னத் திரையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் விட்டு விட்டு மின்னின. விசிறி சுற்றவில்லை. அணைத்துவிட்டுப் போட்டேன். மறுபடியும் அதே மின்னல்.

"சந்தனம் உள்ள போயிருக்கும்ங்க. நீங்க என்ன கொஞ்சமாவா அப்பினீங்க?" என்றாள் மனைவி.

மிஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் ஓடவில்லை என்று அதற்கு அர்த்தமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் என் கண் முன்னால் சளசளவென்று குளத்தில் விழுந்துகொண்டிருக்கிறது, இது ஓடவில்லை என்கிறதே. மிஷின் பொய் சொல்கிறது என்று தீர்மானித்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். பொய் சொல்லும் மிஷினை நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததே இல்லை. இருந்தாலும் நம் கண்ணைவிட நமக்கு எது பெரிது?

அன்றிலிருந்து எனக்கும் அந்த மிஷினுக்கும் போர். சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தேன். ஃபில்டரைக் கழுவினேன். மூடியைக் கழற்றி டெஸ்டரால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். கரண்ட் எல்லா இடத்திலும் சமர்த்தாக வந்துகொண்டிருந்தது. விற்ற கடைக்கு போன் செய்தால், "பூஜை லீவு சார். மெக்கானிக் ஊருக்குப் போயிருக்காரு. புதன்கிழமைக்கு மேல அனுப்பறோம்" என்றார்கள். எங்களுக்குத் திங்கட்கிழமை டாக்டர். புதன்கிழமை வந்து அவன் யாருக்குச் சூடு பண்ணப் போகிறான் என்று போனை வைத்த பிறகு சுவரிடம் கத்தினேன்.

போதாததற்கு மழை பிடித்துக்கொண்டது. குளத்துத் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிட்டது. மனைவி கல்யாண அண்டாவைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, வெந்நீர் வைத்து, நாங்கள் இருவரும் வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றினோம். கடலில் பெருங்காயம் கரைத்த கதை. குனிந்து கையை விட்டுப் பார்த்த மனைவி, "ரசத்துக்குக்கூட ஆகாதுங்க" என்றாள். மழையில் நனைந்துகொண்டு நின்றவளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அக்கா அந்தப் பச்சைத் தண்ணீரிலேயே இறங்கிப் பார்த்தாள். ஃபிசியோ பெண் சொன்னது சரிதான். கால் இறுகிக்கொண்டது. உதடு நீலம் பாய்ந்து ஏறி வந்தவள், "பரவால்ல தம்பி, விடு. நான் கால் வச்ச ராசி, ஓடிட்டிருந்த மிஷினும் படுத்துருச்சு" என்றாள்.

"ராசியாவது மண்ணாவது. மிஷினுக்கு ராசி தெரியுமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திருப்பி அதட்டாத அக்காவை எனக்குப் பழக்கமில்லை. எனக்கு பயம் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்தவனுக்கு, சொந்த அக்கா நிற்கிற தொட்டியை வெதுவெதுப்பாக்க முடியவில்லையே என்று அவமானமாகவும் இருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று, மிச்சம் மோட்டார்தான். அது ஒழுங்காக ஓடுவதால் அதன் பக்கம் நான் போகவே இல்லை. உண்மையைச் சொன்னால் என் தொப்பையும் ஒரு காரணம். ஹீட்டருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதன் கோடியில் தரையோடு தரையாக மோட்டார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் அங்கே போவதில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். மோட்டாரைத் தொட வேண்டுமானால் குத்துக்காலிட்டுத்தான் உட்கார வேண்டும். முதுகு சுவரில் இடித்தது, முட்டிகள் குழாயில் இடித்தன. ஒரு வழியாக உட்கார்ந்தேன்.

மோட்டாரின் மண்டையில் ஒரு பொட்டு இருந்தது. அடியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அச்சில் வார்த்த மாதிரி அழகான பொட்டு. மேலே கூரை இருந்ததால் மழையில் கரையவில்லை. நான் வைத்ததில்லை அது. நான் பொட்டு வைத்தால் சாணி தட்டின மாதிரி இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதோடு, பூஜையன்று நான் மோட்டாரை மறந்தே போயிருந்தேன்.

மோட்டாருக்கு மேலே, கை எட்டும் தூரத்தில், வால்வுகள். மோட்டாரிலிருந்து வரும் தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு வழி ஹீட்டருக்குள் போகும். இன்னொரு வழி ஹீட்டரைத் தொடாமல் நேராகக் குளத்துக்குப் போகும். வால்வின் கைப்பிடி குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. ஹீட்டருக்குப் போகும் வால்வின் கைப்பிடி குறுக்கே நின்றது. அதில் குங்கும விரல்கள் பதிந்திருந்தன. நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும். பிடித்துத் தொங்கின மாதிரி அழுத்தமான பிடி.

தண்ணீர் முழுவதும் ஹீட்டரைச் சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போயிருக்கிறது. மிஷின் பொய் சொல்லவில்லை. தன் வயிற்றுக்குள் தண்ணீர் வரவில்லை என்று உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

கைப்பிடியைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல ஒரு சத்தம் கேட்டது, விசிறி சுற்ற ஆரம்பித்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யார் பொட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு வட்டமாக எங்கள் குடும்பத்தில் பொட்டு வைக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். ஆனால் அவள் எப்படி இந்தச் சந்தில் உட்கார்ந்தாள்? என் முதுகு சுவரில் இருக்கிறது, முட்டி குழாயில் இருக்கிறது. காலை நீட்டிக்கொண்டு உட்கார இங்கே ஒரு சாண் இடம் கிடையாது. குனிந்தாலோ கை எட்டாது. மடக்கினால்தான் உண்டு.

நான் எப்படி எழுந்தேன், எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று சந்திலேயே போயிற்று.

அக்கா ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கால் எதிர் ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தது.

"மோட்டாருக்கு யாரு பொட்டு வச்சது?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. திருட்டுத்தனமாக மிட்டாய் தின்று மாட்டிக்கொண்ட முகம். "ஏன், வைக்கக் கூடாதா? ஊர்ல உள்ள மிஷினுக்கெல்லாம் வச்ச. அத மட்டும் விட்டுட்ட. பாவம், அதுதானே தண்ணிய இழுத்து இழுத்துத் தள்ளுது? நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனீங்கல்ல, அப்ப போய் வச்சேன். தனியா நடந்தேன்னு சொன்னா கத்துவ, அதான் சொல்லல."

"எப்படி வச்ச?"

"கையாலதான்."

"எப்படி உக்காந்த?"

"இதென்ன கேள்வி? எல்லாரும் எப்படி உக்கா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். சமையல்கட்டிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"எந்திரிக்கறப்பதான் சிரமமா இருந்துச்சு. என்னமோ ஒரு கம்பி மாதிரி இருந்துச்சு, அதப் புடிச்சு எந்திரிச்சேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"அது கம்பி இல்லக்கா, வால்வு. அத நீ திருப்பிட்ட. அதனாலதான் ஹீட்டர் ஓடல."

ஹீட்டரைப் பற்றி நான் சொன்னது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஸ்டூலின் மேல் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உக்காந்தேனா?" என்று என்னைக் கேட்டாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, "ஏம்மா, நான் உக்காந்திருக்கேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. மனைவி கரண்டியை எங்கேயோ போட்டுவிட்டு வந்து, "ஆமா அண்ணி, உக்காந்திருக்கீங்க" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்தது. மறைக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. அக்கா இறங்கி நின்று மடக்கினாள். ஏறி வந்து, ஈரச் சுடிதாரோடு படிக்கட்டில் உட்கார்ந்து தரையிலும் மடக்கினாள். வலித்தது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மடக்கினாள். ஒரு தடவை மோட்டாருக்காக வலியை மறந்தவளுக்கு இப்போது தனக்காக மறக்க முடியாதா என்ன? மறக்கவில்லைதான், ஆனால் பயப்படவில்லை. அதற்குள் மனைவி இந்தக் கதையை எதிர்வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அம்மா, எங்க வீட்டு போர் மோட்டாருக்கும் ஒரு பொட்டு வச்சு விடுங்களேன்" என்றார்.

திங்கட்கிழமை டாக்டர் அக்காவின் காலை மடக்கி, கோணத்தை அளந்து பார்த்தார். "அட, நல்லா வந்திருக்கே. மயக்க மருந்தெல்லாம் வேணாம். என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். "ஆயுத பூஜை பண்ணோம்" என்றாள் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல்வதற்கு வெளியே கூட்டம் அதிகமாக இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் இரேன் என்று நான் சொன்னது வாய்வார்த்தைக்கு இல்லை. அவள் இல்லாமல் அந்தத் தொட்டியை நான் யாருக்குச் சூடு பண்ணுவேன்? காரில் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். காவிரிப் பாலத்தில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். மாடிப்படியில் நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறினேன். "என்ன கோழி புடிக்க வர்றவனாட்டம் வர்ற?" என்று திரும்பாமலே கேட்டாள். முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மிச்சப் படியையும் ஏறிவிட்டாள்.

கம்பிக் கதவில் மேல் பூட்டைத் திறந்தாள். கீழ்ப் பூட்டை நான் திறக்கிறேன் என்று சாவிக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. பைய, பல்லைக் கடித்துக்கொண்டு, கதவுக்கு முன்னால் இறங்கினாள். கால் முழுக்க மடங்கவில்லை, பூட்டுக்குப் போதுமான அளவு மடங்கியது. பூட்டு துருவேறியிருந்ததால் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் திறந்தது. அத்தான் போட்ட பூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுந்திருக்கக் கதவுக் கம்பியைப் பிடிக்கப் போனாள். பிடிக்காமல் கையை எடுத்துவிட்டாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"கையக் குடு தம்பி. நான் பாட்டுக்கு எதையாவது புடிச்சுத் திருப்பித் தொலைச்சிடப் போறேன்."

எனக்கு நினைவு தெரிந்து அக்கா யாரிடமும் கை கேட்டதில்லை. கொடுத்தேன்.